நான்கடிப் பவளத் தொட்டிக்கு அடாவடி செய்யாத ராஸ் மீன் எது?

நொய்யல்கரை (திருப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். என் கடல்நீர்த் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறையும் மணலும் போக இருநூறு லிட்டருக்குச் சற்று மேலே தண்ணீர் நிற்கும். ஓராண்டைத் தாண்டிவிட்டது. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு வாட்ச்மேன் கோபி, ஒரு கிளீனர் இறால். பவளத்தில் மென்பவளங்கள் மட்டும்தான்: சோவாந்தஸ், காளான், லெதர்.

குறை என்னவென்றால் தொட்டியின் நடுப்பகுதி காலியாகவே கிடக்கிறது. கோமாளி ஒரு மூலையை விட்டு வராது, கோபி மணலை விட்டு எழாது. ராஸ் ஒன்று இரண்டு விட்டால் நடமாட்டம் இருக்கும் என்று நினைக்கிறேன். கோவையில் ஒரு கடையில் கேட்டபோது சிக்ஸ் லைன் ராஸைக் காட்டி, "பரம சாது, பவளத்தைத் தொடவே தொடாது" என்றார்கள். மகளோ ஃபிளாஷர் ராஸின் காணொளியைப் பார்த்துவிட்டு, வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும் என்கிறாள். எதை எடுக்கலாம்? எத்தனை எடுக்கலாம்? தொட்டிக்கு மூடி கிடையாது. வெயில் காலத்துக்காக மேலே விசிறி வைத்திருக்கிறேன்.

ஆழியாறு (பொள்ளாச்சி):

தம்பி, கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. சிக்ஸ் லைன் பவளத்தைத் தொடாது. பரம சாது என்பதைத்தான் உங்கள் ஃபயர்ஃபிஷிடம் கேட்க வேண்டும்.

ராஸ் குடும்பத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சுண்டுவிரல் நீளத்தோடு நின்றுவிடும் வெட்மோரெல்லாவும் இதில்தான் வருகிறது, இரண்டு மீட்டர் வளரக்கூடிய ஹம்ப்ஹெட் ராஸும் இதில்தான் வருகிறது. அதனால் "ராஸ் சாதுவா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. நான் எந்த ராஸைப் பார்த்தாலும் முதலில் இரண்டு விஷயங்களைக் கேட்பேன். இது எதைத் தின்று பிழைக்கிறது? இரவில் எங்கே படுக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அதன் குணம் முக்கால்வாசி தெரிந்துவிடும். நிறத்தைப் பார்த்து எடுத்தால் எதுவும் தெரியாது.

ஃபேரி ராஸ், அதாவது சிர்ரிலாப்ரஸ் பேரினம், நீரோட்டத்தில் மிதந்து வரும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்னும். ஃபிளாஷர் ராஸ், அதாவது பாராகைலினஸ், அதே பிழைப்புத்தான். அவற்றின் உணவு நடுநீரில் வருகிறது. பாறையில் காவல் காக்க வேண்டிய சொத்து எதுவும் அவற்றுக்கு இல்லை. உங்கள் இறாலையும் நத்தையையும் அவை திரும்பிக்கூடப் பார்க்காது. சிக்ஸ் லைனின் பிழைப்பு வேறு. பாறை இடுக்குகளில் நுழைந்து நுழைந்து சிறு புழுக்களையும் ஓட்டு உயிர்களையும் தேடும். அதற்கு இடுக்குதான் வயல். அந்த வயலுக்குள் ஃபயர்ஃபிஷ் வந்து ஒதுங்கினால் வரப்புத் தகராறு தொடங்கிவிடும்.

நீங்கள் வைத்திருக்கும் மீன்களுக்கு ஃபேரியோ ஃபிளாஷரோ பொருந்தும். ஆனால் மூடி இல்லாத தொட்டியில் எதையும் விடாதீர்கள். அதைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

ஈரோட்டு_மஞ்சள் (ஈரோடு):

சிக்ஸ் லைனை எல்லாரும் சேர்ந்து ஏன் இப்படித் திட்டுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. என்னிடம் பல ஆண்டுகளாக ஒன்று இருக்கிறது. இரண்டு கோமாளி, ஒரு ராயல் கிராமா, ஒரு மஞ்சள் டாங் ஆகியவற்றோடு ஒரு சண்டையும் இல்லாமல் இருக்கிறது. பாறையில் பரவியிருந்த தட்டைப்புழுவைக் குறைத்தது அதுதான். விலையும் மலிவு, எதைப் போட்டாலும் தின்னும், நோயும் எளிதில் வராது. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஃபிளாஷர் வாங்கி மூன்றாம் நாள் தரையில் காய்ந்து கிடப்பதைப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆழியாறு (பொள்ளாச்சி):

உங்கள் மீன் சாதுவாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: அது தொட்டிக்குள் எத்தனையாவதாகப் போனது?

ஈரோட்டு_மஞ்சள் (ஈரோடு):

கடைசியாகத்தான். அதற்கு முன்பே மற்றவை எல்லாம் இருந்தன.

ஆழியாறு (பொள்ளாச்சி):

விஷயம் அங்கேதான் இருக்கிறது. சிக்ஸ் லைனைக் கடைசியாக விட்டால், அதுவும் டாங் போன்ற பெரிய மீன் ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் விட்டால், பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். அதன் பிறகு நீங்கள் ஒரு புது மீனை விட்டீர்களா? ஒரு சிறிய கோபியையோ இன்னொரு ராஸையோ விட்டுப் பாருங்கள். அப்போது அதன் குணம் தெரியும். முதலில் போனதென்றால் தொட்டியையே பட்டா போட்டுக்கொள்ளும். திருப்பூர்த் தம்பி இப்போதுதான் ராஸ்களை ஆரம்பிக்கிறார், இன்னும் சேர்க்க நினைக்கிறார். அவருக்குச் சிக்ஸ் லைனைச் சொன்னால் பின்னால் வரும் எல்லா மீனுக்கும் கதவைச் சாத்திவிட்டதாக ஆகும். எட்டுக் கோடு உள்ளதற்கும், மிஸ்டரி ராஸ் என்று அதிக விலைக்கு விற்கும் அதன் பங்காளிக்கும் இதே பேச்சுத்தான்.

சிறுவாணித்துளி (கோயம்புத்தூர்):

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன், வீட்டில் மூன்றடித் தொட்டி இருக்கிறது. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சிக்ஸ் லைன், ஃபேரி, ஃபிளாஷர் எல்லாம் நெருங்கிய உறவு மீன்கள். ஆனாலும் குணம் இவ்வளவு மாறுவதற்கு ஆழியாறு அண்ணா சொன்ன உணவுக் காரணம் பொருத்தமாக இருக்கிறது. அதே கிளையில் பிங்க் ஸ்ட்ரீக்டு ராஸ் என்று ஒன்று உண்டு, சூடோகைலினாப்ஸ் அட்டேனியா. சிக்ஸ் லைனைப் போலவே இடுக்குகளில் நுழைந்து திரியும், ஆனால் ஆறு செண்டிமீட்டருக்கு மேல் வளராது, யாரையும் விரட்டாது. "சிக்ஸ் லைன் மாதிரி பாறையைச் சுத்தம் செய்ய வேண்டும், அடிக்கவும் கூடாது" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பாஸம் ராஸ் என்கிற வெட்மோரெல்லாவும் இந்த ரகம்தான். இரண்டுக்கும் ஒரே குறை, கூச்சம். வந்த புதிதில் வாரக்கணக்கில் கண்ணில் படாது. பார்ப்பதற்காக மீன் வளர்ப்பவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: ராஸ்கள் பெரும்பாலும் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை. கூட்டத்தில் ஆண் இல்லாமல் போனால் மூத்த பெண் ஆணாகிவிடும். ஆகவே "இரண்டு பெண் வாங்கினேன், ஒன்று நிறம் மாறிவிட்டது, நோயா?" என்று பதற வேண்டாம். ஆனால் மறுதிசையில் நடக்கும் என்று நம்பி இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டுவிடாதீர்கள். ஒரே இனத்தின் இரண்டு ஆண்கள் நான்கடித் தொட்டியில் ஒத்துப்போவது அரிது. ஓர் ஆணும் ஒன்றிரண்டு பெண்ணுமாக எடுக்க வேண்டும், பெண்களை முன்னால் விட வேண்டும். தனியாக விடப்பட்ட ஆண் ஃபிளாஷர் நாளடைவில் நிறம் மங்கிப்போகும். துடுப்பை விரித்து மினுக்கிக் காட்டுவதற்குப் பார்க்க ஆள் வேண்டுமே. உங்கள் மகள் காணொளியில் பார்த்தது அந்த மினுக்கத்தைத்தான்.

நொய்யல்கரை (திருப்பூர்):

மிக்க நன்றி அக்கா. மகளிடம் வாசித்துக் காட்டினேன். "அப்படியானால் மூன்று வாங்க வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

மஞ்சள் நிறத்தில் யெல்லோ கோரிஸ் என்று ஒன்றையும் கடையில் பார்த்தேன். அதுவும் சாதுவா? மெலனூரஸ் என்று ஒன்று, பச்சையும் இளஞ்சிவப்புமாக, கண்ணைப் பறிக்கிறது.

ஆழியாறு (பொள்ளாச்சி):

இரண்டும் ஹாலிகோரஸ் பேரினம். மீன்களிடம் சாது, ஓட்டு உயிர்களிடம் அல்ல. யெல்லோ கோரிஸ் பெயரில்தான் கோரிஸ் இருக்கிறது, ஆள் ஹாலிகோரஸ் கிரைசஸ். பன்னிரண்டு செண்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். தட்டைப்புழு, சிறு முட்புழு, சிப்பிகளைப் பிடிக்கும் பிரமிட் நத்தை எல்லாவற்றையும் பொறுக்கித் தின்னும். இதனால் பலருக்கு இது வேலைக்கார மீன். மெலனூரஸ் இதைவிடக் கொஞ்சம் துடுக்கு. வளர்ந்த பிறகு சிறிய அலங்கார இறால்களைக் குறிவைக்கும். உங்கள் கிளீனர் இறால் பெரியதாக இருந்தால் பயமில்லை, புதிதாகச் சட்டை உரித்த அன்று மட்டும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும்.

இங்கே இரண்டாவது கேள்வி வருகிறது, படுக்கை. ஃபேரியும் ஃபிளாஷரும் பாறை இடுக்கில் படுத்து, வாயிலிருந்து சளி போன்ற ஒரு கூட்டைச் சுரந்து அதற்குள் தூங்கும். காலையில் நூலாம்படை மாதிரி எதுவோ மிதந்தால் நோய் என்று மருந்து ஊற்றாதீர்கள். ஹாலிகோரஸும் லெப்பர்டு ராஸும் மணலுக்குள் புதைந்து தூங்கும். விளக்கு அணைவதற்குச் சற்று முன்பே ஒரே பாய்ச்சலில் மணலுக்குள் போய்விடும். ஆகவே இரண்டு அங்குலமாவது மணல் வேண்டும், அதுவும் சன்ன மணலாக. பரல் பரலாக இருக்கும் பவளத் துண்டுகளில் தினமும் நுழைந்தால் தாடையும் செதிலும் கிழிந்து, புண் வழியாகத் தொற்று வரும். உங்கள் மணல் எப்படி?

நொய்யல்கரை (திருப்பூர்):

மணல் சன்னம்தான், ஆனால் ஓர் அங்குலம்கூட இருக்காது. அதிகமாக்கினால் உள்ளே அழுகும் என்று பயந்து குறைத்தேன்.

ஆழியாறு (பொள்ளாச்சி):

முழுத் தொட்டிக்கும் கூட்ட வேண்டாம். பின்மூலையில் ஒரு பகுதியை மட்டும் உயர்த்தினால் போதும், மீன் தானாகக் கண்டுபிடிக்கும். அது தினமும் கிளறுவதால் மணல் அழுகாமலும் இருக்கும். வாட்ச்மேன் கோபிக்கும் இதில் சந்தோஷம்தான்.

கோபி_வாய்க்கால் (கோபிசெட்டிபாளையம்):

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இரண்டடித் தொட்டி மட்டுமே இருக்கிறது. என் டாங் மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தது. கடையில் கிளீனர் ராஸ் ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாவற்றையும் பொறுக்கித் தின்றுவிடும் என்றார்கள். வாங்கலாமா?

சிறுவாணித்துளி (கோயம்புத்தூர்):

வேண்டாம் தம்பி. வெள்ளைப்புள்ளி என்பது கிரிப்டோகாரியன் என்கிற ஓரணு ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கு அடியில் புதைந்திருக்கும், அதைக் கிளீனர் ராஸால் பிடுங்கித் தின்ன முடியாது. மீன் மேலிருந்து உதிர்ந்து பாறையிலும் மணலிலும் பெருகித் திரும்ப வரும். மருத்துவம் தனித்தொட்டியில்தான்.

கிளீனர் ராஸ், லாப்ராய்டஸ் டிமிடியேடஸ், கடலில் ஒரே இடத்தில் நின்று வருகிற போகிற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளையும் சளியையும் தின்று வாழ்வது. வீட்டுத் தொட்டியில் அத்தனை வாடிக்கையாளர்களுக்கு எங்கே போவது? பெரும்பாலும் பட்டினி கிடந்து சாகும், அல்லது இருக்கும் நாலு மீனையும் ஓயாமல் நச்சரிக்கும். கண்ணாடியில் தன் உருவத்தைத் தன்னுடையது என்று அடையாளம் காண்பதாக 2019இல் ஆய்வு வெளிவந்த மீன் இது. அவ்வளவு கூர்மையான ஒன்றை இரண்டடிப் பெட்டியில் அடைக்க எனக்கு மனம் வராது. போதாக்குறைக்கு, அதே நீலக் கோட்டோடு வேடமிட்டு வரும் பிளென்னி என்கிற வேறு மீன் ஒன்று உண்டு, அது துடுப்பைக் கடித்துத் தின்னும். வாய் முகத்தின் முனையில் இல்லாமல் கீழே இருந்தால் அது போலி.

இரண்டடித் தொட்டியில் டாங் இருப்பதே தனிப் பிரச்சினை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

பெரியகடைவீதி (கோயம்புத்தூர்):

நான் ஒரு மீன் கடை நடத்துகிறேன். கடைக்காரர்களை மட்டும் வில்லனாக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் "சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று" என்றுதான் கேட்கிறார்கள். தொட்டியின் அளவைக் கேட்டால் கோபப்படுகிறார்கள். குட்டி ரெட் கோரிஸ் எத்தனை அழகு! ஆரஞ்சு உடலில் வெள்ளைத் திட்டுகள். நான் "இது ஒரு அடிக்கு மேல் வளரும், உங்கள் பவளத் துண்டுகளைப் புரட்டிப் போடும்" என்று சொன்னால், அடுத்த கடையில் போய் வாங்கிக்கொள்கிறார்கள்.

வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை நானே சொல்கிறேன். குட்டியாக வரும்போது மயக்கி, வளர்ந்த பிறகு அழவைக்கும் ராஸ்கள்: கோரிஸ் கைமார்டு, இந்தியப் பெருங்கடலின் கோரிஸ் ஃபார்மோசா, இலைச்சருகு மாதிரி ஆடி ஆடி வரும் டிராகன் ராஸ், கட்டம்போட்ட செக்கர்போர்டு, பச்சையாக மின்னும் லுனாரே. இவற்றில் ஃபார்மோசா 60 செண்டிமீட்டர் வரை வளரக்கூடியது. டிராகன் ராஸ் உங்கள் பாறைகளையே புரட்டிவிடும். லுனாரே போன்ற தலஸோமா பேரினத்து மீன்கள் சிறிய மீன்களையும் இறால்களையும் விடாது. நம் இந்தியக் கடல்களிலும் இருக்கிற மீன் என்பதால் மலிவாகவே கிடைக்கும். மலிவாக இருக்கிறதே என்று யாரும் ஏமாற வேண்டாம்.

கடையில் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது, தின்பதை நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்டுவதற்கு மறுக்கும் கடையில் ராஸ் வாங்காதீர்கள். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிப்போயிருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபேரி ராஸ்களில் பல ஆழமான நீரில் பிடிக்கப்படுபவை. மேலே கொண்டுவரும்போது காற்றுப்பை கெட்டு, வால் மேலே தூக்கிக்கொண்டு நீந்தினால் அதை விட்டுவிடுங்கள். ராஸ்களில் தொட்டியில் பிறந்தவை மிக அரிது, கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடித்தவை. வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து, அங்கிருந்து நமக்கு வருவதற்குள் அது எத்தனை பைகளில் மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வந்த அன்றே வாங்காதீர்கள். ஒரு வாரம் என் கடையிலேயே கிடக்கட்டும், முன்பணம் கொடுத்துவிட்டுப் போங்கள். நஷ்டம் என்றால் என்னோடு போகட்டும்.

ஆழியாறு (பொள்ளாச்சி):

இப்படிச் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் நான் ஏன் வைகிறேன்? இந்தப் பதிவைப் படித்தவர்கள் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

கரூர்_அமராவதி (கரூர்):

லெப்பர்டு ராஸ் பற்றி யாரும் எழுதவில்லையே? குணத்தில் அதைவிடச் சாதுவான ராஸ் கிடையாது என்று படித்தேன்.

சிறுவாணித்துளி (கோயம்புத்தூர்):

குணத்தில் சாதுதான், வளர்ப்பதில் கடினம். மேக்ரோஃபாரிங்கோடான் பேரினம். நாள் முழுவதும் பாறையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்கும். புதிதாக வந்தால் சில நாட்கள் மணலுக்குள்ளேயே கிடக்கும். அது பிறந்த கடலின் பகலிரவுக் கணக்கு வேறு. செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்த்தால் உண்மையிலேயே செத்துவிடும். கோப்பிபாடுகள் என்கிற மிகச் சிறிய ஓட்டு உயிர்கள் நிறைந்த, நன்கு முதிர்ந்த தொட்டி வேண்டும். அதே உணவுக்குப் போட்டி போடும் சிக்ஸ் லைனோ மாண்டரின் மீனோ உள்ள தொட்டியில் மெலிந்துகொண்டே போகும். முதல் ராஸாக வாங்க வேண்டாம்.

புதிதாக வந்த மீனைத் தனிமைத் தொட்டியில் வைக்கும்போது மணலில் படுக்கும் எந்த ராஸுக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் சன்ன மணல் போட்டு உள்ளே வையுங்கள். வெறுங்கண்ணாடித் தரையில் முட்டி முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும்.

ஈரோட்டு_மஞ்சள் (ஈரோடு):

சரி, சிக்ஸ் லைன் வாதத்தை நான் விடவில்லை, ஒத்தி வைக்கிறேன். மூடியைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னீர்களே, அதைப் பேசுங்கள். ஏனென்றால் எங்கள் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். எல்லாராலும் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க முடியாது. மேலே விசிறி ஓடினால்தான் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கண்ணாடியால் மூடினால் விசிறியால் பயனில்லை, மூடாவிட்டால் ராஸ் தரையில். என்ன செய்வது?

ஆழியாறு (பொள்ளாச்சி):

வலைதான் ஒரே வழி. நம் பக்கத்துக்குக் கண்ணாடி மூடி சரிவராது. ஈரோடு, கரூர் வறண்ட காற்றில் நீர் ஆவியாவதால்தான் தொட்டி குளிர்கிறது. அதை அடைத்தால் சூடு உள்ளேயே நிற்கும், சூடான நீரில் ஆக்சிஜனும் குறையும். ஓயாமல் நீந்தும் ராஸுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும். 26 டிகிரியை ஒட்டி இருக்கப் பாருங்கள். 29ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் மீனைவிட முதலில் பவளம் கெடும்.

அலுமினியக் கடையில் ஜன்னல் கொசுவலைக்கு அடிக்கும் சட்டம் இருக்கிறதே, அதே சட்டத்தைத் தொட்டியின் உள்ளளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். கொசுவலையைப் பொருத்தாதீர்கள். அது வெளிச்சத்தையும் காற்றையும் தின்றுவிடும், உப்புப் படிந்து ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். கால் அங்குலக் கண்ணுள்ள, நிறமில்லாத நைலான் வலையாக இருக்கட்டும். பாஸம், பிங்க் ஸ்ட்ரீக்டு போன்ற சிறியவை இருந்தால் அதைவிடச் சிறு கண். உலோக வலை கூடாது, துருவும் செம்பும் இறாலுக்கு ஆகாது. சட்டத்தின் திருகாணிகூடத் தண்ணீர் பக்கம் நீட்டக் கூடாது. மின்கம்பியும் குழாயும் வரும் மூலையில் விடும் இடைவெளிதான் எமன். ராஸ் குதிப்பது பெரும்பாலும் விளக்கு திடீரென்று அணையும்போதும், புதிதாக வந்த அன்று மற்ற மீன் விரட்டும்போதும். நாலடி நீளத்தில் விரல் நுழையும் ஓட்டை ஒன்று இருந்தால் அதைத் தேடிப் பிடித்துக் குதிக்கும். விளக்கை ஒரேயடியாக அணைக்காமல் படிப்படியாக மங்கும்படி வையுங்கள். மின்வெட்டில் அது நடக்காது, ஆகவே வலை இல்லாமல் முடியாது.

விசிறி ஓடினால் நீர் குறையும், உப்பு ஏறும். தானாக நன்னீர் நிரப்பும் அமைப்பு வேண்டும், அதில் ஆர்.ஓ. நீர் மட்டும். இதைத் திருப்பூர்க்காரருக்குத் தனியாகச் சொல்கிறேன்: உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மைக்கு ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் போகும். சிறுவாணி குடிக்கும் கோவைக்காரர்கள் இதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

சிறுவாணித்துளி (கோயம்புத்தூர்):

குளோரின் நீக்காமல் ஊற்றினால் சிறுவாணியும் கொல்லும் அண்ணா. பொறாமை வேண்டாம்.

நொய்யல்கரை (திருப்பூர்):

வலை விஷயத்தை என்னிடம் விட்டுவிடுங்கள், வலைத்துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? மாதிரி நாலைந்து எடுத்து வெளிச்ச அளவையும் பார்த்துவிடுகிறேன்.

இன்னொரு சந்தேகம். நண்பர் ஒருவர் ராமேஸ்வரம் போகும்போது பாறையும் குட்டி ராஸும் பிடித்து வருகிறேன் என்கிறார். மன்னார் வளைகுடாவில் ராஸ் நிறைய இருக்கிறதாமே?

சிறுவாணித்துளி (கோயம்புத்தூர்):

கண்டிப்பாகக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது. கடும்பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டவை. செத்த பவளத் துண்டு என்றாலும் அதே சட்டம்தான். பிடிபட்டால் மீன் வளர்த்த கதை நீதிமன்றத்தில் முடியும். அது ஒருபுறம் இருக்க, கரையோரத்தில் கையில் கிடைக்கும் ராஸ்கள் பெரும்பாலும் ஹாலிகோரஸில் பெரிய வகைகளும் தலஸோமாவும்தான், உங்கள் தொட்டிக்கு ஆகாது. ஃபேரி வகைகளில் பல ஆழத்தில் இருப்பவை. மாலத்தீவில் 2022இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட ரோஜா நிற ஃபேரி ராஸ், 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. பல பத்தாண்டுகளாக வேறோர் இனத்தின் வளர்ந்த மீன் என்றே அதை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியகடைவீதி (கோயம்புத்தூர்):

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். கடும்பவளம் "எங்களிடம் கிடைக்கும்" என்று இணையத்தில் விளம்பரம் செய்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்):

நீங்கள் எல்லாரும் சொன்னதை வைத்து இப்படி யோசித்திருக்கிறேன். முதலில் வலைச்சட்டம், பின்மூலையில் மணல். பிறகு பிங்க் ஸ்ட்ரீக்டு ஒன்று. அது பழகித் தின்னத் தொடங்கியபின் யெல்லோ கோரிஸ் ஒன்று. கடைசியில் ஃபிளாஷர், பாராகைலினஸ் கார்பென்டெரி, இரண்டு பெண், ஓர் ஆண். இந்த அளவு தொட்டிக்கு இது அதிகமா?

ஆழியாறு (பொள்ளாச்சி):

வரிசை சரி. எண்ணிக்கை ஓரத்தில் நிற்கிறது. யெல்லோ கோரிஸை விட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கும், தட்டைப்புழுத் தொல்லை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். வளர்ந்த யெல்லோ கோரிஸ் புதிதாக வரும் மெல்லிய ஃபிளாஷரைச் சில நாட்கள் துரத்தக்கூடும். கட்டாயம் வேண்டும் என்றால், ஃபிளாஷரை ஓட்டையிட்ட அக்ரிலிக் பெட்டியில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே நாலைந்து நாள் தொங்கவிடுங்கள். முகம் பார்த்துப் பழகியபின் திறந்துவிடலாம். வெளிக்கண்ணாடியில் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தால், சண்டைக்காரன் தன் பிம்பத்தோடு முட்டிக்கொண்டிருப்பான், புதியவை அதற்குள் இடம்பிடித்துவிடும்.

உணவு ஒரே வேளை போதாது. ராஸ்களுக்கு இரைப்பையே கிடையாது. காலை, மதியம், மாலை என்று சிறிது சிறிதாக, உறைந்த மைசிஸும் சைக்ளாப்ஸும் (இரண்டும் இறால் இனத்துச் சிற்றுயிர்கள் போன்ற தீனி) மாற்றி மாற்றிக் கொடுங்கள். மதியம் வீட்டில் யாரும் இல்லை என்றால் குருணை உணவைத் தானாகக் கொட்டும் கருவி வையுங்கள்.

ஈரோட்டு_மஞ்சள் (ஈரோடு):

மதியத்துக்கு மகள் இருக்கிறாளே. மீன் கேட்டவள் அவள்தானே, பொறுப்பையும் அவளிடம் கொடுங்கள். அளவுக் கரண்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாசத்தில் டப்பாவையே கவிழ்த்துவிடுவார்கள் பிள்ளைகள்.

பெரியகடைவீதி (கோயம்புத்தூர்):

கார்பென்டெரி அடுத்த சரக்கில் வருகிறதா என்று சென்னையில் கேட்டிருக்கிறேன். ஆண் கிடைப்பது எளிது, பெண்தான் யாரும் அனுப்புவதில்லை. நிறம் குறைவு என்று வாங்குவதற்கு ஆளில்லாததால் பிடிப்பவர்களே விட்டுவிடுகிறார்கள். பெண் இரண்டும் உறுதியானால் தனிச்செய்தி அனுப்புகிறேன். அதற்குள் வலைச்சட்டத்தின் படத்தை இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் மீன் கொடுக்க மாட்டேன்.

நொய்யல்கரை (திருப்பூர்):

சட்டம் நாளை வருகிறது. படம் போடுகிறேன். யெல்லோ கோரிஸ் இப்போதைக்கு இல்லை.

ஈரோட்டு_மஞ்சள் (ஈரோடு):

எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு சிக்ஸ் லைன்...

ஆழியாறு (பொள்ளாச்சி):

வேண்டாம்.